ஆறாவது வளைவில் நின்றுபோகும் வரலாறு: பண்பாட்டுப் பயணக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பண்பாட்டுப் பயணக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

ஜனவரிப் பயணத்துக்கான புதிய நிரலைப் போன செவ்வாய்க்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். சேலமும் ஏற்காடும், இரண்டு பகல், ஓர் இரவு. அதில் நான் பேச வேண்டியது இரண்டே தடவை. முதலாவது, மலையேறும் பேருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு 'ஏற்காடு வரலாறு'. இரண்டாவது, ராத்திரி ரிசார்ட் ஹாலில் 40 நிமிடம், எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே பிபிடி. இடங்களில் இறங்கும்போது நான் வாயைத் திறக்க வேண்டியதில்லையாம். "அங்கெல்லாம் போட்டோ டைம் சார்" என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர் போனில் சொன்னார்.

தாரமங்கலம் கோயிலுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது, 35 நிமிடம் ஆகிவிட்டது. சேலம் தலைவெட்டி முனியப்பன் கோயிலைக் காணோம். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தைக் காணோம். மலைக்கிராமத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரு மணி நேரமும் போய்விட்டது. அந்த இடத்தில் 'பழங்குடி நடனத்துடன் கேம்ப் ஃபயர்' வந்திருக்கிறது. என் பெயருக்குக் கீழே வழக்கமாக 'வரலாற்றுப் பேராசிரியர், ஓய்வு' என்று போடுவீர்கள். இந்தத் தடவை 'கலகலப்பான கதைசொல்லி' என்று போட்டிருக்கிறீர்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பது வருஷமாகக் கூடவே இருப்பவர் அவர். அந்தக் கலகலப்பை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டு முறை போன் செய்தேன். ஒரு மெயில் எழுதினேன். "பார்த்துக்கலாம் சார்" என்று ஒரு பதிலும் கூடவே ஒரு கட்டைவிரல் படமும் வந்தன. அதற்குள் நோட்டீஸ் எல்லாக் குழுக்களுக்கும் போய்விட்டது. என் பெயரைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் சிலர் என்னைக் கூப்பிட்டு, "வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம் இல்லையா சார்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது? அதனால்தான் இதை உங்கள் பெட்டியில் மட்டும் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பேசுகிறேன் என்று கருத்துப் படிவத்தில் பலர் எழுதியிருப்பது உண்மை. 2023 பயணத்தில் தாரமங்கலத்தின் வெளிப் பிரகாரத்தில், உச்சி வெயிலில், ஒரு மணி பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே பேசினேன். ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அது முழுக்க என் தப்பு. அன்றைக்கே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது உங்களிடமும் கேட்கிறேன். வெயிலில் பேசாதே, உட்கார இடம் கொடு, சுருக்கிச் சொல் என்று நீங்கள் எழுதியிருந்தால் தலையாட்டியிருப்பேன். நீங்கள் செய்திருப்பது வேறு. பேச்சைப் பேச்சுக்குரிய இடத்திலிருந்து பிடுங்கி எடுத்துப் பேருந்திலும் ஹாலிலும் நட்டிருக்கிறீர்கள்.

பேருந்தில் வரலாறு சொல்வதை ஏற்கனவே ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. 2022-இல் நீங்கள் கேட்டுக்கொண்டதால்தான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் உற்சாகமாக ஆரம்பித்தேன். நாலாவது வளைவில் கேள்விகள் நின்றன. ஆறாவதில் முன் சீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் கேட்டார். ஒன்பதாவது வளைவுக்குள் கையில் பாலிதீன் கவர் இல்லாதவர்கள் குறைவு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்ற வாக்கியத்தை நான் சொல்லி முடித்தபோது அதைக் கேட்கிற நிலையில் இருந்தவர் டிரைவர் ஒருவர்தான். அவரோ அதை என் வாயால் ஏற்கனவே பல தடவை கேட்டவர்.

அதே வாக்கியத்தை ஜனவரியில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நின்று சொல்லிப் பாருங்கள். மேலே சில்வர் ஓக் மரங்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. கீழே காப்பிச் செடி, அது அரபு நாட்டுப் பக்கம் இருந்து வந்தது. மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் மிளகுதான் நம்ம பக்கத்துக் கொடி. சிவப்புப் பழத்தை ஒருவர் பறித்து வாயில் போட்டு, இனிக்குதே என்பார். இதெல்லாம் வருவதற்கு முன் இந்தச் சரிவில் என்ன விளைந்தது, நிலம் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி அப்போது தானாக வரும். நான் ஏழு பயணங்களில் பார்த்திருக்கிறேன். நான் கேட்காமலேயே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பிபிடியில் அந்தக் கேள்வி வராது. அங்கே காக்பர்னின் படம் வரும், பெயர் வரும், அடுத்த ஸ்லைடு வந்துவிடும்.

தாரமங்கலத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில். அங்கே வாலியும் சுக்ரீவனும் சண்டையிடும் சிற்பத்தையும், மறைந்து நின்று அம்பு விடும் ராமனின் சிற்பத்தையும் தனித்தனித் தூண்களில் வைத்திருக்கிறார்கள். ராமன் இருக்கும் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் வாலி தெரிகிறான். வாலி இருக்கும் இடத்தில் நின்றால் ராமன் தெரிவதில்லை. கம்பராமாயணத்தில் வாலி கேட்கும் கேள்விகளைச் சிற்பி ஒரு சொல் கூட இல்லாமல் அங்கே கேட்டிருக்கிறான். இதை எப்படி ஸ்லைடில் காட்டுவது? இரண்டு படம் போடலாம். ஆனால் அந்தச் சிற்பம் அந்த இரண்டு தூணிலும் இல்லை. தூணிலிருந்து தூணுக்கு நடக்கிற அந்தப் பத்து அடியில் இருக்கிறது.

நான் வழக்கமாக ஒருவரை இங்கேயும் இன்னொருவரை அங்கேயும் நிற்க வைத்து, "தெரியுதா? தெரியுதா?" என்று மாறி மாறிக் கேட்பேன். ஒரு தடவை அப்படி வாலியின் பக்கம் நின்றவர் ஓய்வு பெற்ற கோர்ட் ஊழியர். வெகு நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதிர்க்கட்சி யாருன்னே தெரியாம கேஸ் நடந்திருக்கு சார்" என்றார். என் 31 வருஷ ஆசிரியர் வேலையில் இவ்வளவு நல்ல உரையை நான் கேட்டதில்லை. முப்பது பேர் இப்படி மாறி மாறி நின்று பார்க்கவே அரை மணி நேரம் ஆகும். யாளியின் வாய்க்குள் உருளும், ஆனால் வெளியே வராத கல் உருண்டையை ஆளுக்கு ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கக் கால் மணி நேரம். நீங்கள் கொடுத்திருக்கும் 35 நிமிடத்தில் செருப்பு விடுவதும் டோக்கன் வாங்குவதும் அடக்கம்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவுக்கு மட்டும் 25 நிமிடம் தந்திருக்கிறீர்கள். அந்த வளைவின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய படப்பிடிப்பு நிலையத்தில் இன்று கண்ணுக்குத் தெரியும்படி நிற்பது அது ஒன்றுதான். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். ஆனால் அங்கே பேச்சு வேண்டாம், செல்ஃபி மட்டும் என்றால் 25 நிமிடம் எதற்கு? வளைவு ஒன்றுதானே, ஓடியா போகப்போகிறது?

தலைவெட்டி முனியப்பனை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "சர்ச்சை சார், வேண்டாம்" என்று பதில் வந்தது. போன முறை அங்கே இரண்டு பேர் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டது எனக்கும் நினைவிருக்கிறது. என்ன நடந்தது என்பதைப் பயணத்துக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலம் கோட்டைச் சாலைப் பக்கம் உள்ள அந்தக் கோயிலில் இருப்பது புத்தர் சிலைதான் என்று 2011-இல் வழக்குப் போட்டார்கள். தொல்லியல் துறையின் நிபுணர் குழு நேரில் பார்த்தது. தாமரை மேல் உட்கார்ந்த நிலை, மடியில் தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது. புத்தர்தான் என்று அறிக்கை கொடுத்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், உள்ளே இருப்பது புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சர்ச்சை என்கிறீர்கள். நான் அங்கே நின்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தீர்ப்பு என்னைக் கேட்காமலேயே வந்துவிட்டது.

நான் அங்கே சொல்வது இன்னொன்று. ஆத்தூருக்குப் பக்கத்தில் தியாகனூரில் புத்தர் சிலைகள் இன்றும் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் பௌத்தம் இருந்ததற்கு அவை சாட்சி. சேலத்து முனியப்பனோ ஒரு காலத்தில் தலை போய், பிறகு தலை ஒட்டவைக்கப்பட்டு, வேறு பெயரோடு, கிடாவெட்டும் படையலும் பெற்றுக்கொண்டு மக்களைக் காத்துவந்தார். கொல்லாமை சொன்னவர் முன்னால் கிடா! அதைக் கேட்டால் ஒருவருக்குச் சிரிப்பு வரும், இன்னொருவருக்குக் கோபம் வரும். அங்கே வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர், "எங்க தாத்தா காலத்துல இருந்து முனியப்பன்தாங்க, எனக்கு மொட்டை போட்டது இங்கதான்" என்றார். நீதிமன்ற ஆவணத்தில் இருப்பதும் உண்மை, அவர் தலைமுடி விழுந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு நிற்கப் பழகுவதற்குத்தான் பண்பாட்டு வரலாறு என்று ஒரு பாடம் இருக்கிறது. சண்டை போட்ட அந்த இரண்டு பேரும் அன்று ராத்திரி ஒரே மேசையில் உட்கார்ந்து பதினோரு மணி வரைக்கும் பேசினார்கள் என்பதை நீங்கள் பார்க்கவில்லை. ரிசார்ட் சிப்பந்தி விளக்கை அணைத்த பிறகுதான் எழுந்தார்கள்.

தேவாலயத்தை எடுத்ததற்குச் சொன்ன காரணம் இன்னும் வேடிக்கை. பொங்கல் முடிந்த கையோடு கல்லறைக்குப் போவதா என்று யாரோ கேட்டார்களாம். சரி. அங்கே யாரைப் பார்க்கப் போகிறோம் என்று அவர்களுக்குச் சொன்னீர்களா? ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காரர். 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். எழுத்து தோன்றுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இந்த மண்ணில் மனிதன் இருந்தான் என்று காட்டிய கல் அது. கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். இந்த மலையிலேயே புதிய கற்காலக் கோடரிகளைத் தேடி எடுத்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தபோது சாம்பலை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்து அச்சில் ஏற்றியவர். அவரும் 1882-இல் ஏற்காட்டில்தான் கண்ணை மூடினார். மாமனார் வாயில் வாழும் சொல்லைப் பொறுக்கினார், மருமகன் மண்ணில் கிடக்கும் கல்லைப் பொறுக்கினார். இருவருக்கும் கடைசி ஊர் இந்த மலைதான்.

நம் பயணத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் சென்னைக்காரர்கள். பல்லாவரம் ஸ்டேஷனைத் தினம் மின்சார ரயிலில் தாண்டுகிறவர்கள். பல்லாவரத்திலேயே முப்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒருவர் ஒரு தடவை வந்திருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "என் வீட்டுத் தெருவைத் தெரிஞ்சுக்க நான் ஏற்காடு வரைக்கும் வர வேண்டியிருந்துச்சா சார்?" என்று கேட்டார். ஊருக்குப் போனதும் பேரனைக் கூட்டிக்கொண்டு, அந்தக் கல் கிடைத்த ராணுவ மைதானத்துப் பக்கம் போய்ப் பார்த்ததாக எனக்கு ஒரு நீண்ட மெயில் எழுதினார். பொங்கலுக்குப் பிறகு கல்லறைக்குப் போகலாமா என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு அந்த மெயிலை அனுப்பித் தருகிறேன்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயம். மலைக்கிராமம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடியினரை மலையாளிகள் என்கிறோம். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை என்று பல இடங்களிலும் இருக்கிறார்கள். பேசுவது தமிழ். கேரளத்துக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. போன வருஷ நோட்டீஸில் 'கேரளாவிலிருந்து குடியேறிய பழங்குடியினர்' என்று அச்சடித்திருந்தீர்கள். நான் சிவப்பு மையில் அடித்து அனுப்பினேன். நன்றி சார் என்று பதில் போட்டீர்கள். இந்த வருஷ நோட்டீஸிலும் அதே வரி அப்படியே இருக்கிறது. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

முதல் பயணத்தில் அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் நம் கூட்டத்தை உட்கார வைத்து நான்தான் பேசினேன். வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்த புத்தகங்களில் படித்த கதை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்தார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கினார், நடுவண்ணனும் சின்னண்ணனும் வேறு மலைகளுக்குப் போனார்கள். ராகம் போட்டுச் சொன்னேன். எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். பக்கத்துக் களத்தில் காப்பிக் கொட்டையைக் கிளறி விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க சொல்றது எங்க பாட்டன் சொன்னதுதாங்க. ஆனா மூணு ஆம்பளைங்க மட்டும் வந்தா ஊரு எப்படிங்க உண்டாகும்? வந்த பொம்பளைங்க பேரு உங்க புத்தகத்துல இல்லீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கதையை வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருப்பேன். தேர்வில் ஐந்து மார்க் கேள்வியாகக் கூடக் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. ஊர் முன்னால், மைக்கும் கையுமாக, பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன். ஆய்வுக் கட்டுரைகளில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அப்புறம் தேடப் போனது தனிக் கதை.

அடுத்த வருஷத்திலிருந்து முறையை மாற்றினோம். அந்த அம்மா முதலில் பேசுவார், நான் பிறகு. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். சாமையும் தினையும் கேழ்வரகும் எந்த மாதம் எந்தச் சரிவில் போட்டார்கள் என்று கையை நீட்டிக் காட்டிச் சொல்வார். பாட்டி காலத்தில் சேலத்துச் சந்தைக்கு விடியுமுன் ஒற்றையடிப் பாதையில் சுமையோடு இறங்கியதைச் சொல்வார். மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு மற்ற மலைகளிலிருந்து சொந்தக்காரர்கள் வருவதைச் சொல்வார். குனிந்து நுழைய வேண்டிய அந்தக் குகைக் கோயிலில் சேர்வராயனோடு காவேரியம்மனும் ஏன் இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், குகைக்குள் போகும் வழி காவிரி வரைக்கும் போகிறது என்று எங்க பெரியவங்க சொல்வாங்க என்பார். சொல்லிவிட்டு, "நான் போய்ப் பார்க்கலீங்க" என்று சேர்த்துக்கொள்வார். வரலாற்று ஆசிரியர்கள் பாதிப் பேரிடம் இந்த நேர்மை கிடையாது, என்னையும் சேர்த்து.

ஜனவரி என்பது காப்பி பறிக்கும் காலம். அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் அவர் நமக்காக உட்கார்கிறார். முதல் மூன்று வருஷம் என் பங்கிலிருந்து 2,000 ரூபாய் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். பிறகு நீங்கள் கணக்கில் சேர்த்தீர்கள். அதற்கு அப்போதே நன்றி சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நீங்கள் அனுப்பிய செலவுத் திட்டத்தில் அந்த 2,000 இல்லை. கேம்ப் ஃபயர், நடனம் 18,000 என்று இருக்கிறது.

அந்த ரிசார்ட்டுக்கு நானே போன் செய்து விசாரித்தேன். ஆட வருபவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டேன். "ஈவென்ட் பசங்க சார், கீழ இருந்து வருவாங்க, டிரெஸ் எல்லாம் வாடகைக்கு எடுத்துடுவோம்" என்றார்கள். டிரெஸ் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இலைப் பாவாடையாம், தலையில் இறகாம். முகத்தில் கோடு போடுவதற்குத் தனி ரேட்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? பகலில் அந்த மலைக்காரர்களுடைய வரலாறு என்று மைக்கில் நான் பேசுவேன். ராத்திரி அவர்கள் இப்படித்தான் இருந்தார்கள் என்று கீழே இருந்து வந்த பையன்கள் இறகு வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அதைச் சுற்றி நின்று நம் ஆட்கள் கை தட்டுவார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அந்த அம்மா தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இதற்குப் பண்பாட்டுப் பயணம் என்று பெயர் வைத்து ஆளுக்கு 7,800 ரூபாய் வாங்குகிறீர்கள். என் பெயரும் அதில் இருக்கிறது. இருக்கக் கூடாது.

ஆட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் திருவிழாவில் அவர்கள் ஆடும்போது, அழைத்தால் போவோம், ஓரமாக நிற்போம். அழைக்காவிட்டால் போக வேண்டாம். நெருப்பு மூட்டிக் குளிர்காய வேண்டுமா, தாராளமாக மூட்டுங்கள். ஏற்காட்டு ஜனவரிக் குளிர் எனக்கும் தெரியும், நானும் கையை நீட்டி உட்காருவேன். யாரையும் வேஷம் கட்டி அதற்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

நான் கேட்பது இவை. தாரமங்கலத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் திருப்பிக் கொடுங்கள். காலை எட்டு மணிக்கே போய்விடலாம், வெயிலுக்கு முன் முடிக்கலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவில் மிச்சமாகும் 15 நிமிடத்தையும், மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருக்கும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் 40 நிமிடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுவடை செட்டை நின்றுகொண்டே சாப்பிடலாம், அதற்கு மேசை போட வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு மடக்கு நாற்காலி பத்து வாங்குங்கள். கேம்ப் ஃபயர் பணத்தில் அது வந்துவிடும். எந்த இடத்திலும் ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்கு மேல் பேச மாட்டேன் என்று நான் எழுதித் தருகிறேன். மீறினால் நேரம் பார்க்க ஒருவரை நியமித்து மணி அடியுங்கள். பள்ளிக்கூட மணி ஒன்று என்னிடமே இருக்கிறது.

தலைவெட்டி முனியப்பனும் ஹோலி டிரினிட்டி தேவாலயமும் நிரலில் திரும்ப வர வேண்டும். கூட்டமாகப் போவது சங்கடம் என்றால், விருப்பப்பட்டவர்கள் இறங்கலாம், மற்றவர்கள் பேருந்தில் இருக்கலாம் என்று போடுங்கள். இதுவரை எத்தனை பேர் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்கள் படிவங்களையே எடுத்துப் பாருங்கள். மலையேறும்போது எனக்கு மைக் வேண்டாம். ராத்திரி பிபிடியும் வேண்டாம். அந்த 40 நிமிடத்தில் அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி வந்தவர்கள் பேசட்டும், நான் கேட்கிறேன்.

நடன நிகழ்ச்சியை ரத்து செய்யுங்கள். மலைக்கிராம உரையாடலைப் பழையபடி சேருங்கள், அந்த அம்மாவுக்கு 2,000 போதாது, 4,000 கொடுங்கள். நோட்டீஸில் 'கேரளாவிலிருந்து குடியேறிய' என்ற வரியை எடுத்துவிட்டுத் திருத்திய நோட்டீஸை எல்லாக் குழுக்களுக்கும் மறுபடி அனுப்புங்கள். முன்பு அனுப்பியது தவறு என்று ஒரு வரி அதிலேயே இருக்க வேண்டும்.

டிசம்பர் 20-க்குள் பதில் வேண்டும். வராவிட்டால், அல்லது கட்டைவிரல் படம் மட்டும் வந்தால், நோட்டீஸிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். என் பெயருக்காகப் பணம் கட்டியவர்கள் கேட்டால் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த அம்மா போன வாரம் எனக்குப் போன் செய்தார். "தேதி சொல்லுங்க சாரு, அன்னைக்கு வேலைக்கு வரலைன்னு மேஸ்திரிகிட்ட சொல்லணும்" என்றார். நான் சொல்லவில்லை. அவர் எண் உங்களிடம் இருக்கிறது. தேதியைச் சொல்வதோ, இந்த வருஷம் அவர் வேண்டாம் என்று சொல்வதோ, எதுவானாலும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இதுவரை ஏழு பயணங்களில் உங்களோடு வந்த கருத்தாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்